சோதனைப் பக்கம்

ஆயிரத்து இருநூறு பிரதிகள். ஒன்றிரண்டு என்றால் கை தவறிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பத்து இருபது என்றால்கூட இயந்திரத்தின் தலையில் பழியைப் போடலாம். ஆயிரத்து இருநூறு பிரதியை, மூன்று இயந்திரங்களில், ஒரே நேரத்தில், கையில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து அச்சடித்த மனிதர் யார் மேல் பழி போடுவார்?

சர்வர் சார் யார் மேலும் போடவில்லை. அந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தால் அவர் எப்போதோ துறைத் தலைவர் ஆகியிருப்பார்.

கல்லூரி வளாகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எண்ணூறு கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அவர் தயவால். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் அவர் தயவால்தான் என்பார்கள். சர்வர்கள் இருக்கும் குளிர் அறையிலேயே நாள் முழுக்க ஸ்வெட்டரோடு கிடப்பதால் மாணவர்கள் வைத்த பெயர் ‘சர்வர் சார்’. மனைவி வழிச் சொந்தத்தில் சில பெரியவர்கள் அவர் ஏதோ பெரிய ஓட்டலில் இருப்பதாக இன்றுவரை நம்புகிறார்கள். ஒரு விருந்தில் ‘நம்ம மாப்பிள்ளைக்குப் பழக்கம்தானே’ என்று பரிமாறவும் விட்டார்கள். அவரும் பரிமாறினார். நன்றாகவே பரிமாறியதாகக் கேள்வி.

வளாகத்துக்குப் புது லேசர் பிரின்டர் வாங்குகிறார்கள். மாதம் ஒன்றரை லட்சம் பக்கம் அடித்துத் தள்ள வேண்டிய பெரிய ஜாதி. எந்தத் துறையில் யார் பொத்தானை அழுத்தினாலும் வேலை நெட்வொர்க் வழியாக வந்து வரிசையில் நின்று, முறை வந்ததும் அச்சாகி விழ வேண்டும். அச்சறையில் இருந்த பழைய இயந்திரம் பதினாறு வருடம் உழைத்துவிட்டு, இப்போது தாளுக்கு ஒரு தரம் இருமிக்கொண்டிருந்தது. புதிதாக எதை வாங்கலாம் என்று சோதித்து அறிக்கை தரும் பொறுப்பு சர்வர் தலையில் விழுந்தது. மூன்று கம்பெனிகள் ‘ஒரு மாதம் வைத்துப் பாருங்கள்’ என்று ஆளுக்கொரு இயந்திரத்தைக் கணினிக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கின.

அவற்றுக்குச் சர்வரே பெயர் வைத்தார். முதலாவது யானை. அலமாரி உயரம், அசுர வேகம். ஆனால் பக்கத்திலேயே ஒரு ஆள் நின்று தீனி போட்டு, எடுத்து, அடுக்கி, உபசரிக்க வேண்டும். இரண்டாவது மாப்பிள்ளை. பார்க்க லட்சணம், தாளின் இரண்டு பக்கமும் அடி என்று சொல்லிவிட்டால் மட்டும் முறுக்கிக்கொள்ளும். மூன்றாவது சாது. வேகம் சுமார்தான். நாலாயிரம் தாளை ஒரே தடவையில் வயிற்றில் வாங்கிக்கொண்டு, யார் வந்து அடையாள அட்டையைக் காட்டுகிறார்களோ அவர்கள் பக்கத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். ஆள் அம்பு எதுவும் வேண்டாம்.

சோதனை விஷயத்தில் சர்வருக்கு ஒரு கொள்கை உண்டு. கம்பெனிக்காரன் கொண்டுவருகிற பக்கத்தில் ஜொலிக்காத மெஷினே கிடையாது என்பார். பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் கருப்பு இருக்கும் என்று வைத்துத்தான் டோனர் என்கிற மைப்பொடி எத்தனை பக்கம் வரும் என்று கம்பெனிகள் கணக்குச் சொல்கின்றன. அந்த ஐந்து பங்குக்குச் சரியான பக்கம் எது? ஒரு சாதாரண மனிதர் எழுதிய சாதாரணக் கடிதம். அப்படி ஒன்றுக்கு எங்கே போவது? நெட்வொர்க்கின் அச்சு வரிசையில்தான் இருக்கிறதே. அச்சான ஒவ்வொன்றையும் வரிசை ஒரு நாள் ஞாபகம் வைத்திருக்கும், தாள் சிக்கினால் திரும்ப அடித்துக்கொள்ள வசதியாக. அந்த ஏற்பாட்டைச் செய்ததும் அவர்தான். முந்தின நாள் வேலைகளில் அளவைப் பார்த்து, ஒரே பக்கம் உள்ள ஒரு கடிதத்தைப் பிடித்தார். திறந்து பார்க்கவில்லை. மூன்று இயந்திரத்துக்கும் தலைக்கு நானூறு என்று அனுப்பிவிட்டு, குளிர் அறையில் உட்கார்ந்து ஸ்டாப்வாட்சை அமுக்கினார்.

யானை ஆறு நிமிடத்தில் முடித்தது. சந்தோஷமாக எழுந்து கூடத்துக்கு வந்தார்.

காலை பதினொரு மணி. எண்பது மாணவர்கள் இருக்கிற கூடம். பரீட்சை நாளில்கூட அவர் அங்கே அப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை. சோதனைப் பக்கங்கள் என்றால் பின்பக்கம் காலி. கணக்குப் போட ஆகும் என்று வந்த சூட்டோடு மாணவர்கள் கத்தை கத்தையாக எடுத்துக்கொண்டு போவது அங்கே வழக்கம். அன்றைக்கும் எடுத்திருந்தார்கள். ஆனால் பின்பக்கத்தில் யாரும் கணக்குப் போடவில்லை. முன்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாணவி ஒரு தாளை நீட்டினாள்.

“சார், இது நம்ம அச்சக்கா எழுதினதா?”

அச்சறை அக்கா என்பது தேய்ந்து அச்சக்கா ஆகியிருந்தது. பதினாறு வருடமாகப் பழைய இயந்திரத்தோடு குடித்தனம் நடத்துபவர். சர்வரைவிட நாலைந்து வயது மூத்தவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரைத் ‘தம்பி’ என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

சர்வர் கீழே அச்சாகியிருந்த பெயரைப் பார்த்தார். முதல் வரியைப் பார்த்தார். ‘மதிப்புக்குரிய பதிவாளர் அவர்களுக்கு, பதினாறு வருடமாக அச்சறையில் வேலை பார்க்கும் நான், புது இயந்திரங்கள் வருவதை ஒட்டி ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.’ சடாரென்று தாளைக் கவிழ்த்தார். அடுத்தவர் கடிதத்தை அதற்கு மேல் படிப்பதா? படிக்கத்தான் வேண்டுமா? புது இயந்திரம் வருகிறது, பழைய ஆள் வேண்டுகோள் வைக்கிறார். ‘என் வேலையைப் பறித்துவிடாதீர்கள்’ என்பதைத் தவிர வேறு என்னவாக இருக்கும்? அதைக் கண்டுபிடிக்க ஜோசியரா வேண்டும்?

அப்படியாக, ஒரு பெண்பிள்ளை கௌரவத்தை விட்டுக் கெஞ்சி எழுதிய கடிதத்தை அவர் தண்டோரா போட்டுவிட்டார்.

அன்று மாலைக்குள் வளாகம் முழுக்க அலைந்து ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பிரதிகளைத் திரும்பச் சேர்த்தார். ஒவ்வொன்றையும் எழுத்துத் தெரியாதபடி கவிழ்த்துப் பிடித்தே கொண்டுபோய்த் துண்டு துண்டாக வெட்டும் இயந்திரத்தில் போட்டார். மீதி ஐம்பத்தேழு அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. ஒன்று ஆய்வகத்தில் ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டு. ஒன்று பேராசிரியர் ஒருவர் டீக் கோப்பைக்கு அடியில். பேராசிரியர் கோப்பையைத் தூக்கி அதைக் கொடுத்துவிட்டு, “நல்லா எழுதியிருக்காங்க. மனசு கேக்கல,” என்றார். சர்வருக்கு அந்த டீ தன் தலையில் கொட்டியதுபோல் இருந்தது.

முதல் நாளே அச்சறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். நெடுஞ்சாண்கிடையாக விழுவதற்கு அந்த அறையில் இடமில்லை. தாள் பெட்டிகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன.

“அக்கா, நான் பண்ணினது பெரிய தப்பு. வேணும்னு பண்ணல.”

அச்சக்கா இயந்திரத்தின் பக்கக் கதவைத் திறந்து கசங்கிய தாளை உருவிக்கொண்டிருந்தார். இடது கையாலேயே உருவினார். திரும்பிப் பார்க்கவில்லை.

“பரவாயில்ல, சார். விடுங்க.”

சார். சர்வருக்கு அந்த ஒரு சொல்லே போதும். செருப்பைக் கழற்றியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார்.

“திட்டிடுங்க அக்கா.”

“எதுக்கு சார் திட்டணும்? மெஷின்ல வேலை பாத்தா இதெல்லாம் நடக்கறதுதான். எந்த மெஷின் நல்லா இருக்கு?”

“இன்னும் பாத்துட்டிருக்கேன்.”

“நல்லா பாருங்க, சார்.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சர்வருடையது டிரம் அடித்தது. அச்சறைக்கு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு தினம் போனார். தினம் மன்னிப்புக் கேட்டார். தினம் ‘பரவாயில்ல, சார்’ கிடைத்தது. ஒரு நாள் வாசலில் மூன்று மாணவிகள் தாள் பெட்டிகளை உள்ளே தூக்கிப் போவதைப் பார்த்தார். ‘நீங்க தொடாதீங்க அக்கா, நாங்க இருக்கோம்’ என்று சத்தம். வேலை போகப்போகிறதே என்று பிள்ளைகளுக்குக்கூட இரக்கம் வந்துவிட்டது என்று அவர் நெஞ்சு இன்னும் ஒரு சுற்றுக் கனத்தது.

நேராக ஒரு பதில் தெரிந்தால் தேவலை என்று பதிவாளரிடம் போனார். பதிவாளர் எந்தக் கேள்வியையும் காய்கறிபோல் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையிலேயே போடுகிறவர்.

“அச்சறை அம்மா விஷயம் என்ன ஆகும், சார்?”

“எல்லாம் மெஷினைப் பொறுத்தது.”

“அப்படின்னா?”

“ஆள் நிக்க வேண்டிய மெஷின் வந்தா அவங்கதான் நிக்கணும், வேற யாருக்குத் தெரியும்? ஆளே வேண்டாம்னு ஒரு மெஷின் வந்தா, அச்சறை எதுக்கு?”

“ரெண்டாவதுல அவங்க என்ன ஆவாங்க?”

“பாக்கலாம். அறிக்கை வரட்டும்.”

கம்பெனிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சாதுவைக் கொண்டுவந்தவரிடம் “இதுல ஒரு குறையும் இல்லையா?” என்று கேட்டதற்கு, “குறைன்னு பாத்தா, சார், அது நாம பாக்கற பார்வையில இருக்கு,” என்று தத்துவம் பேசிவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருக்கையில் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். விடையைவிட வழிமுறைக்குத்தான் மதிப்பெண் போடுகிறவர்.

“அந்தக் கடிதத்துல என்னதான் எழுதியிருந்தது?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் படிக்கல.”

“படிக்கலையா?”

“அடுத்தவங்க கடிதத்தைப் படிக்கறது தப்பில்லையா?”

மனைவி ஒரு சட்டையின் கையை மடித்து வைத்தார். “ஆயிரத்து இருநூறு பிரதி அடிக்கறது தப்பில்ல. படிக்கறதுதான் தப்பாக்கும்.”

“கேலி பண்ணாதே. நான் எந்த மெஷினைச் சொல்லட்டும், அதைச் சொல்லு.”

“எனக்கு உங்க மெஷினைப் பத்தி என்ன தெரியும்? பாத்துச் செய்யுங்க.”

பார்த்துச் செய்வது என்று சர்வர் முடிவு செய்தார். செய்தது என்னவோ கண்ணை மூடிக்கொண்டுதான்.

நியாயப்படி பார்த்தால் அறிக்கையை எழுத அரை மணி போதும். மூன்று வாரத்தில் யானை இருபத்தாறு முறை தாளைக் கடித்துக்கொண்டது. மாப்பிள்ளையைப் பற்றிப் பேசவே வேண்டாம். சாது பன்னிரண்டாயிரம் பக்கத்தில் ஒரு முறைகூடச் சிக்கவில்லை. ஆனால் சாது வந்தால் அச்சறைக்குப் பூட்டு. யானை வந்தால் அச்சக்காவுக்கு வேலை. ஊரறிய அவர் மானத்தை வாங்கியதற்கு வேலையையாவது காப்பாற்றிக் கொடுக்கலாமே. யானையின் இருபத்தாறை ஆறாக்கினார். சாதுவுக்கு நேரே, தாள் சிக்கியது: நான்கு முறை, என்று எழுதினார்.

எழுதிவிட்டு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. யானைக்குக் குறைத்தது ஒரு சலுகை, போகட்டும். சாதுவின் மேல் சொன்னது அப்பட்டமான பொய். பாவம், வாயில்லா ஜீவன். பொய்யே சொல்லிப் பழக்கமில்லாதவர் ஒரு பொய் சொன்னால் என்ன ஆகும்? அதை எப்படியாவது உண்மையாக்கிவிடப் பார்ப்பார். எழுதியபடி நாலே நாலு தடவை சாது சிக்கிவிட்டால் அறிக்கை சுத்தம், மனசாட்சியும் சுத்தம்.

மறுநாள் மதியம், பராமரிப்பு என்று பலகை மாட்டிக் கூடத்தைச் சாத்தினார். லேசர் பிரின்டருக்கு ஈரத் தாள் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, ஒரு கட்டுத் தாளைப் பிரித்து, காய்ச்சல்காரனுக்குப் பத்துப் போடுவதுபோல் ஒற்றி ஒற்றி எடுத்துச் சாதுவின் வயிற்றில் வைத்தார். ஐம்பது பக்கம் அனுப்பினார்.

சாது ஐம்பதையும் அடித்துக் கொடுத்தது. தாள் கொஞ்சம் வளைந்திருந்தது, அவ்வளவுதான்.

இன்னும் கொஞ்சம் நனைத்தார். சாது கொஞ்சம் யோசித்துவிட்டு, அதையும் கொடுத்தது. அப்பளம்போல் நெளிந்து, இளஞ்சூட்டோடு, எழுத்து மாத்திரம் கச்சிதமாக.

“சிக்கித் தொலையேன்,” என்று சர்வர் கெஞ்சினார். “நாலே நாலு தடவை. உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

“யார்கிட்ட சார் பேசறீங்க?”

அச்சக்கா வாசலில் நின்றிருந்தார். பலகையைப் பார்த்துவிட்டு, பராமரிப்பு என்றால் தனக்குத் தெரியாமல் என்ன பராமரிப்பு என்று பார்க்க வந்தவர். ஈரத் துண்டைப் பார்த்தார். நனைந்த கட்டைப் பார்த்தார். மேஜையில் திறந்து கிடந்த அறிக்கையை எடுத்து, அந்தப் பத்தியில் விரலை வைத்து நிதானமாகப் படித்தார்.

“யானை ஆறு தடவைதானா? நேத்து ஒரு நாள்லயே பசங்க கூப்பிட்டு நான் நாலு தடவை வந்து தாளை எடுத்தேனே.”

சர்வர் துண்டைப் பின்னால் மறைத்தார். நாற்பத்தேழு வயது ஆளுக்கு அது அழகாக இல்லை.

“உங்களுக்காகத்தான் அக்கா. யானை வந்தா உங்களை அச்சறையிலிருந்து யாரும் அசைக்க முடியாது. சாது வந்தா வேலை போயிடும்னு நீங்க எழுதினீங்க இல்ல, அதான் என்னால ஆனது...”

“நான் அப்படி எழுதினேனா?”

“கடிதத்துல.”

அச்சக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதையும் இடது கையால்தான் இழுத்தார்.

“சார், நீங்க அதைப் படிச்சீங்களா?”

“முதல் வரி மட்டும். அப்புறம் மரியாதை இல்லன்னு...”

“ஆக, ஊரே படிச்சிருக்கு. கேன்டீன்ல தட்டு கழுவற அம்மா படிச்சிட்டு எனக்கு ஒரு தைலம் குடுத்தாங்க. அடிச்ச ஆள் மட்டும் படிக்கல.”

“தைலமா? எதுக்கு?”

“என் வலது தோள் போச்சு, சார். பதினாறு வருஷம் அந்தப் பெட்டியைத் தூக்கி. கை காதுக்கு மேல போகாது. காலையில எனக்குத் தலை வாரிவிடறது என் பொண்ணு. நூலகத்துல விசாரணை மேஜை காலியா இருக்கு, என்னை அங்க போட்டுடுங்க, புது மெஷின் தானே வேலை பாக்கறதா வாங்குங்கன்னுதான் கெஞ்சி எழுதினேன். அச்சறையை விட்டு என்னை வெளிய விடுங்கன்னு.” அறிக்கையைத் தட்டினார். “நீங்க என்னடான்னா யானையைக் கொண்டுவந்து, இன்னும் பதினாறு வருஷத்துக்குத் தூக்குன்னு எழுதி வெச்சிருக்கீங்க.”

சர்வர் உட்கார இடம் தேடினார். பக்கத்தில் இருந்தது ஈரக் கட்டுதான். அதன் மேலேயே உட்கார்ந்தார். மாணவிகள் பெட்டி தூக்கியது, இடது கையால் உருவிய தாள், பேராசிரியருக்கு மனசு கேட்காதது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவர் முன்னால் வரிசையில் நின்றது. மூன்று வாரமாகக் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. அவர் தன் குற்ற உணர்ச்சியைத் தடவிக் கொடுப்பதில் மும்முரமாக இருந்துவிட்டார்.

“இப்பவே மாத்தி எழுதிடறேன் அக்கா. உங்களுக்காக சாதுவையே...”

“எனக்காக ஒண்ணும் எழுத வேண்டாம். மெஷின் செஞ்சதை எழுதுங்க. இருபத்தாறுன்னா இருபத்தாறு. ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல. எனக்கு அது போதும்.”

சர்வர் பேனாவை எடுத்தார். ஆறை அடித்துவிட்டு இருபத்தாறு என்று எழுதினார். நான்கை அடித்துவிட்டுச் சுழியம் போட்டார். கீழே, ஈரத் தாளையும் தாங்குகிறது, என்று ஒரு வரி சேர்த்தார். அச்சக்கா அதைப் படித்துவிட்டுச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டதுபோல் இருந்தது. இல்லை என்றும் தோன்றியது. அவர் முகத்தைப் படிக்கும் உரிமையைத் தான் இழந்துவிட்டோம் என்று சர்வர் நினைத்தார்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன். இந்தப் பரவாயில்ல, விடுங்க, இதெல்லாம் வேண்டாம். நேரா சொல்லுங்க. என் மேல கோபம்தானே?”

அச்சக்கா சாதுவின் தட்டிலிருந்த நெளிந்த தாள் ஒன்றை எடுத்து மடியில் வைத்து நீவினார்.

“கோபம்தான். அடிச்சதுக்குக்கூட இல்ல, அது தெரியாம நடந்தது. என் தலையை யார் வாருறாங்கன்னு என் கூடப்பிறந்தவனுக்கே நான் சொன்னதில்ல, அது எண்பது பசங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. அது வலிச்சுது, ஆனா அதையும் விட்டுடலாம். மூணு வாரமா தினம் வந்து நின்னீங்க. பத்தொன்பது தடவை மன்னிப்புக் கேட்டீங்க, நான் எண்ணினேன். அதுல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘அக்கா, என்ன எழுதியிருந்தீங்க, உங்களுக்கு என்ன கஷ்டம்’னு கேக்கத் தோணல இல்ல? உங்க மனசு ஆறணும், அவ்வளவுதான்.”

சர்வர் எதிர்த்துச் சொல்ல வாயைத் திறந்து, உண்மை என்று தெரிந்ததால் மூடிக்கொண்டார்.

“இப்ப கேக்கறேன்,” என்றார் கடைசியில். “தோளுக்கு வைத்தியம் பாக்கறீங்களா?”

“பாக்கறேன். வாரம் ரெண்டு நாள்.”

“பெட்டியெல்லாம் இனிமே நான் தூக்கறேன். நூலகத்துக்குப் போற வரைக்கும்.”

“தூக்குங்க.”

“அப்போ... மன்னிச்சிட்டீங்களா, அக்கா?”

அச்சக்கா நீவிய தாளை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். சர்வர் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“இல்ல, சார். இன்னும் இல்ல.”